பேங்காக்கில் மாப்பிள்ளைக் கோட்டு தைக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூன்று மாதத்தில் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி கட்டு, மாலையில் மண்டபத்தில் விருந்து. விருந்துக்குக் கோட் சூட் போட வேண்டும். அடுத்த மாதம் நண்பர்களோடு பேங்காக் போகிறேன். வெள்ளிக்கிழமை இரவு இறங்கி, திங்கள் மாலை திரும்புகிறோம். அங்கே 24 மணி நேரத்தில் தைத்துக் கொடுத்துவிடுவார்கள், விலையும் மலிவு என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். வெயிஸ்ட்கோட்டோடு ஒரு சூட், தனியாக இரண்டு பேண்ட், ஆறு சட்டை தைக்கலாம் என்று இருக்கிறேன். எனக்கு நிச்சயித்த பெண், "அப்படியே என் பிளவுஸ் துணியையும் கொண்டுபோய்த் தைத்து வாங்க" என்கிறார். அம்மாவோ, "உள்ளூரில் டெய்லரே இல்லையா, எதுக்கு அவ்வளவு தூரம் போய் அளவு கொடுக்கிறே?" என்கிறார். 24 மணி நேரத் தையலை நம்பலாமா? துணியை இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாமா? திரும்பி வந்தபின் சரியில்லை என்றால் என்ன செய்வது? கல்யாணத்துக்குள் எட்டு கிலோ குறைக்க ஜிம்முக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். — வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்:

தம்பி, கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேதான் தொடங்க வேண்டியிருக்கிறது. எட்டு கிலோ குறையப் போகிறது என்றால், அடுத்த மாதம் எடுக்கிற அளவு கல்யாணத்தன்று மேடையில் நிற்கப்போகிறவரின் அளவு அல்ல. பேண்டின் இடுப்பை ஓரிரண்டு அங்குலம் பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பக்கத்துப் பாக்கெட்டுகள் இரண்டும் நடுவில் நெருங்கி வந்து நிற்கும், பார்க்கிறவர் கண்ணுக்கு உடனே தெரியும். கோட்டின் இடுப்பையும் ஓரளவு ஒடுக்கலாம். மார்பும் மேல்முதுகும் வற்றிவிட்டால் கோட்டு தோளிலிருந்து சும்மா தொங்கும், அதைப் பிரித்து நேராக்குவது புதிதாகத் தைப்பதை விடப் பெரிய வேலை. ஆகவே, முடிந்தால் பயணத்தைக் கல்யாணத்துக்கு ஐந்தாறு வாரம் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்கியாயிற்று, ஜிம்மையும் விடமாட்டேன் என்றால், பேங்காக்கில் ஊர் சுற்றிப் பாருங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், கோட்டைக் கடைசியில் இங்கேயே தைத்துக்கொள்ளலாம்.

எடை பற்றிய முடிவு உங்களுடையது. அது ஒரு நிலைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மற்றதைச் சொல்கிறேன். பேங்காக்கில் சட்டை, பேண்ட் தாராளமாகத் தைக்கலாம். கோட்டு, இரண்டு ட்ரையலுக்கு, அதாவது முடிக்கும் முன் இரண்டு தடவை போட்டுப் பார்க்க, நேரம் இருந்தால் மட்டும். வெயிஸ்ட்கோட்டை இந்த முறை விட்டுவிடுங்கள். பிளவுஸ் பேச்சே வேண்டாம்.

நானும் ஜார்ஜ் டவுனில் கத்தரி பிடித்துப் பிழைக்கிறவன்தான். "தன் கடைக்கு இழுக்கத்தானே இவ்வளவும்" என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை. கல்யாண மாதங்களில் கையில் இருக்கிற வேலையே கழுத்தை நெரிக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆர்டர் பேங்காக் போனால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அங்கே தைத்து, சரியில்லாமல் கொண்டுவந்து மேசையில் போடுகிறார்களே, அதுதான் தலைவலி.

24 மணி நேரம் என்பது பொய் இல்லை. அந்த ஒரு நாளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். சுகும்வித் சாலையில், நானா, அசோக் ஸ்டேஷன்களைச் சுற்றி டெய்லர் கடைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பல, வடநாட்டிலிருந்து வந்து தலைமுறையாய் அங்கேயே தங்கிவிட்ட பஞ்சாபிக் குடும்பங்களுடையவை. கடையில் நீங்கள் பார்ப்பது துணிக்கட்டு, ஆளுயரக் கண்ணாடி, குளிர்ந்த தண்ணீர், நாலு மொழி பேசும் விற்பனையாளர். பெரும்பாலும் தையல் அங்கே நடப்பதில்லை. உங்கள் அளவுச் சீட்டும் துணியும் வேறெங்கோ இருக்கிற பட்டறைக்குப் போகும். ஒரே பட்டறை பல கடைகளுக்குத் தைக்கும். துணியை வெட்டுகிற மாஸ்டர் உங்கள் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். தன்னிடம் ஏற்கெனவே அட்டையில் வெட்டி வைத்திருக்கும் மாதிரிகளில் உங்களுக்கு நெருங்கியதை எடுப்பார். சீட்டில் உள்ளபடி இங்கே கால் அங்குலம் கூட்டி, அங்கே அரை அங்குலம் குறைத்து வெட்டுவார். இது ஏமாற்று வேலை அல்ல. உடல்வாகு நேராக இருப்பவருக்கு இதுவே நன்றாகப் பொருந்தும். ஒரு தோள் சற்றே இறங்கியவருக்கும், நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கழுத்தை முன்னால் நீட்டிப் பழகியவருக்கும் பொருந்தாது. இந்தக் குறைகளெல்லாம் சீட்டில் எழுதிய எண்களில் தெரியாது, ஆளை நேரில் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் ட்ரையல் என்று ஒன்று இருக்கிறது.

இந்த அவசரத் தையலுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1949-க்குப் பிறகு ஷங்ஹாய் தையல்காரர்கள் பலர் ஹாங்காங்குக்கு வந்து சேர்ந்தார்கள். இந்தியக் கடைக்காரர்களும் அங்கே இருந்தார்கள். பிறகு வியட்நாம் போர்க்காலத்தில் சில நாள் விடுப்பில் வந்த அமெரிக்கப் படைவீரர்கள் ஹாங்காங்கிலும் பேங்காக்கிலும் கோட்டு தைத்துக்கொண்டு போனார்கள். விடுப்பு முடிவதற்குள் கையில் கிடைத்தாக வேண்டும் என்பதே அவர்கள் போட்ட நிபந்தனை. அதற்கேற்பத் தொழில் மாறியது. இன்று வியட்நாமின் ஹோய் ஆன் நகரத்தில் தெருவுக்குத் தெரு இதே வேலை நடக்கிறது. அடுத்த தடவை டா நாங் பக்கம் போனால் அங்கும் நான் இங்கே சொல்வதெல்லாம் பொருந்தும்.

கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதும் நேரத்தோடு சேர்ந்த விஷயம். மார்புப் பகுதி விறைப்பாக, அழகாக வளைந்து நிற்க, துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு அடுக்கு வைப்போம். பழைய முறையில் அது கேன்வாஸ். கையால் தளர்வாகத் தைத்துப் பிடிக்க வேண்டும். முழுக்க இப்படிக் கையால் செய்த கோட்டு 50 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கும். இன்னொரு முறை ஃபியூசிங். பசை தடவிய துணியைச் சூடு கொடுத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், சில நிமிட வேலை. ஒரே இரவில் தைத்து வருகிற கோட்டில் இருப்பது ஃபியூசிங்தான், சந்தேகமே வேண்டாம். சோதித்துப் பார்க்க வேண்டுமானால், கோட்டின் கீழ்ப் பட்டனுக்குப் பக்கத்தில் மேல்துணியையும் உள்துணியையும் இரண்டு விரல்களால் பிடித்து லேசாகப் பிரித்து உருட்டிப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியே நழுவினால் கேன்வாஸ். எதுவும் நழுவாமல் மேல்துணி அட்டைபோல் இருந்தால் ஃபியூசிங். நம் ஊர்ப் புழுக்கத்திலும் திரும்பத் திரும்ப டிரை கிளீனிங் போடுவதிலும் மலிவான ஃபியூசிங் பசை விட்டு, மார்பில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அப்புறம் அதற்கு வைத்தியம் கிடையாது.

அதற்காக ஃபியூசிங் கோட்டே கூடாது என்று சொல்லமாட்டேன். கல்யாண விருந்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு இரண்டு நிகழ்ச்சி என்று போடுகிறவருக்கு நல்ல ஃபியூசிங் கோட்டு பல வருஷம் தாங்கும். கேன்வாஸ் என்று சொல்லி அதற்குரிய காசை வாங்கிக்கொண்டு ஃபியூசிங்கைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பாதி கேன்வாஸ் என்று ஒன்றும் உண்டு. மார்பு வரை கேன்வாஸ், கீழே ஃபியூசிங். நேரமும் காசும் ஒத்துவந்தால் மாப்பிள்ளைக்கு அது போதும்.

இப்போது உங்கள் நாட்காட்டி. வெள்ளிக்கிழமை இரவு இறங்குகிறீர்கள். அங்கே நேரம் நமக்கு ஒரு மணி பின்னால், அது ஒரு சின்ன லாபம். சனிக்கிழமை காலை அளவு கொடுத்தால் முதல் ட்ரையல் ஞாயிறு. ஞாயிறு கடை திறக்குமா, திறந்தாலும் பட்டறை வேலை செய்யுமா என்பது கடைக்குக் கடை மாறும். திங்கள் மதியம் கையில் வாங்கிக்கொண்டு நேரே விமான நிலையம். ஆக, ஒரே ஒரு ட்ரையல்; அதில் கண்டுபிடித்ததைத் திருத்தினார்களா என்று போட்டுப் பார்க்க நேரமே இல்லை. இந்தக் கணக்கில் கோட்டு வேண்டாம் என்பேன். புதன்கிழமை இரவே கிளம்ப முடிந்தால் கதை வேறு: வியாழன் அளவு, வெள்ளி முதல் ட்ரையல், சனி இரண்டாவது, ஞாயிறு ஒரு நாள் கைவசம், திங்கள் காலை கடைசியாகப் போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டு நாள் லீவு கிடைக்குமா என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். விலையில் ஐநூறு பாத் குறைக்கப் பேரம் பேசுவதை விட, இன்னொரு ட்ரையல் வேண்டும் என்று பேரம் பேசுங்கள். கடைக்காரர் இரண்டிலும் சிணுங்குவார். இரண்டாவதில் விடாதீர்கள்.

ட்ரையல் என்ற பெயரில் எதைக் காட்டுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். உண்மையான முதல் ட்ரையலில் கோட்டு அரைகுறையாக இருக்கும். வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் தெரியும், லைனிங் மூடியிருக்காது, காலர் இருக்காது அல்லது சும்மா பிடித்து வைத்திருக்கும், கையைக் கழற்றி மாட்டலாம். பார்க்கவே கோரமாக இருக்கும், பயப்படாதீர்கள். அந்த நிலையில்தான் எதையும் மாற்றலாம். முதல் தடவையே காஜா எடுத்து, பட்டன் வைத்து, லைனிங் மூடி, அயர்ன் பண்ணி ஹேங்கரில் மாட்டிக் கொண்டுவந்தால், உங்களைக் கூப்பிட்டது ட்ரையலுக்கு அல்ல, டெலிவரிக்கு. ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள்: "முதல் ட்ரையலில் லைனிங் மூடியிருக்குமா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே, தொழில் தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கண்ணாடி முன் நிற்கும்போது முதலில் தோளைப் பாருங்கள். துணி உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடிய வேண்டும். அங்கே குழி விழுந்தால் தோள் அகலம், புடைத்தால் குறுகல். அடுத்து, பின்கழுத்தில் கோட்டுக் காலருக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே இடைவெளி விழுகிறதா என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டனைப் போட்டால் வயிற்றில் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் விழக்கூடாது. கையைத் தொங்கவிட்டால் சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். பிறகு கையை நீட்டுங்கள், உட்காருங்கள், குனிந்து ஷூ லேஸைத் தொடுங்கள். விருந்தில் பெரியவர்கள் காலில் விழ வேண்டியிருக்கும், ஞாபகம் இருக்கட்டும். அந்த நேரத்தில் பேண்ட் எங்கே இழுக்கிறது என்பது கடையிலேயே தெரிந்துவிடுவது நல்லது. படம் எடுத்துக்கொள்ளுங்கள், முன், பின், பக்கவாட்டில். கண்ணாடியில் நாம் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிக்கொள்வோம், படம் அப்படி விடாது.

அளவு எடுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளாதீர்கள். எல்லா ஆண்களும் செய்கிற காரியம் இது. கல்யாணத்தன்று போடப்போகிற ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள், ஸ்லிப்பரில் நின்று அளந்த பேண்ட் உயரம் ஷூவில் குறைந்துவிடும். கனமான டீ ஷர்ட் வேண்டாம், மெல்லிய சட்டை போதும். பாக்கெட்டில் இருக்கிற ஃபோன், பர்ஸ் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போவது நல்லது, ஏனென்றால் விருந்தன்று வெறும் வயிற்றோடு இருக்கப்போவதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றையும் பேண்ட் ஒன்றையும் அளவுக்குக் கொண்டு போங்கள். எதற்கு என்று கேட்டால், உடம்பு அளவு வேறு, துணியின் அளவு வேறு. எவ்வளவு தளர்ச்சி உங்களுக்குப் பிடிக்கும் என்பதை அந்தச் சட்டைதான் சொல்லும்.

ஆறு சட்டையையும் ஒரே மூச்சில் வெட்டச் சொல்லாதீர்கள். முதலில் ஒன்று. அது வந்ததும் ஹோட்டல் அறையிலேயே தண்ணீரில் அலசிக் காயப்போட்டுப் போட்டுப் பாருங்கள். சரியென்றால் மற்ற ஐந்து. பருத்தி சுருங்கும். நாங்கள் துணியை முதலில் நனைத்துக் காயவைத்து வெட்டுவோம், அவசரத் தையலில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. 16 அங்குலக் கழுத்து நூற்றுக்கு மூன்று சுருங்கினால் கிட்டத்தட்ட அரை அங்குலம் போய்விடும். மேல் பட்டன் போட முடியாது, டை கட்ட முடியாது. கோட்டுக்கு உள்ளே போடுகிற சட்டைக்குக் கழுத்துதான் முக்கியம்.

இதனால்தான், சட்டைத் துணி மட்டும் இங்கிருந்து கொண்டுபோகிறேன் என்றால் நல்ல யோசனை என்பேன். வாங்கி, நனைத்து, காயவைத்து, அயர்ன் பண்ணி எடுத்துப் போங்கள். 45 அங்குல அகலத்தில் முழுக்கைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர் போதும். கோட்டுத் துணியைப் பொறுத்தவரை கொண்டுபோவதில் பெரிய லாபம் இல்லை. அந்தக் கடைகளுக்குத் துணியில்தான் வருமானம். தையல் கூலி மட்டும் வாங்குகிற வேலைக்குச் சிலர் கூலியை ஏற்றுவார்கள், சிலர் பின்னால் தள்ளிவைப்பார்கள். கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் 60 அங்குல அகலத்தில் கோட்டுக்கும் பேண்டுக்குமாக மூன்றரை மீட்டர், கட்டம் போட்ட துணி என்றால் இன்னும் கொஞ்சம் கூட. கோலாலம்பூர் போகிற வேலை இருந்தால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் பாருங்கள். ஒரே சாலையில் இவ்வளவு துணிக்கடைகள் நாட்டில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கடையில் "சூப்பர் 120, சூப்பர் 150" என்று எண் சொல்லி மயக்குவார்கள். அது கம்பளி இழை எவ்வளவு மெலிசு என்பதைக் குறிக்கும் எண். சூப்பர் 100 என்றால் இழையின் தடிமன் 18.75 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக்கூடாது, 120 என்றால் 17.75, 150 என்றால் 16.25. எண் ஏற ஏற இழை மெலியும், துணி வழவழப்பாகும், கூடவே சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். ஆகவே பெரிய எண் என்றால் பெரிய உழைப்பு என்று அர்த்தம் இல்லை. உங்களுக்கு 100, 110 தாராளம். எண்ணை விட எடையைக் கேளுங்கள். நம் வெயிலுக்கு மீட்டருக்கு 240 முதல் 270 கிராம் வரை உள்ள, காற்றுப் போகிற நெசவுத் துணி, முதுகில் பாதி லைனிங் மட்டும். மண்டபத்தில் ஏசி இருந்தாலும், வாசலில் விருந்தாளிகளை வரவேற்று நிற்கிற ஒரு மணி நேரம் இருக்கிறதே, அங்கேதான் வியர்வை சட்டையைத் தாண்டி வரும்.

கம்பளி என்று சொல்லி பாலியஸ்டரைத் தள்ளுவது எல்லா ஊரிலும் நடப்பது. ஓரத்தில் நாலு நூல் உருவிக் கடைக்காரர் முன்னாலேயே கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். கம்பளி, முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கட்டிப்போகும். கலப்புத் துணி என்றால் இரண்டும் கலந்து நடக்கும். கலப்பு கெட்டது அல்ல, கசங்காது. விலை மட்டும் கலப்பு விலையாக இருக்க வேண்டும். நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். துணியை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே கருநீலம் என்று வாங்கியது இங்கே கறுப்பாகத் தெரிந்தால் மணப்பெண்ணின் புடவைக்கு ஒத்துப்போகாது.

கடையைத் தேர்வு செய்வதில் ஒரே ஒரு எச்சரிக்கை. "அரண்மனை இன்றைக்கு மூடியிருக்கிறது, வாங்க, குறைந்த காசில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்று துக் துக் ஓட்டுநர் யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். அது நகைக்கல் கடையில் ஒரு தடவை நிற்கும், டெய்லர் கடையில் ஒரு தடவை நிற்கும். அவருக்குப் போகிற கமிஷன் உங்கள் துணியின் தரத்திலிருந்துதான் கழியும். அதேபோல இரண்டு சூட், இரண்டு சட்டை, டை, கூடவே ஒரு சில்க் கிமோனோ என்று பேக்கேஜ் போர்டு வைத்திருப்பார்கள். கிமோனோவை வைத்துக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமில் என்ன செய்யப்போகிறீர்கள்?

முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். கார்டில் கட்டுங்கள். இயந்திரம் ரிங்கிட்டா, பாத்தா என்று கேட்டால் பாத் என்று சொல்லுங்கள், ரிங்கிட்டில் கட்டினால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும். பில்லில் எல்லாம் எழுதியிருக்க வேண்டும்: துணியின் எண், கேன்வாஸா ஃபியூசிங்கா, லைனிங் நிறம், எத்தனை பட்டன், பின்பக்க வெட்டு ஒன்றா இரண்டா, ட்ரையல் நாளும் நேரமும். தேர்ந்தெடுத்த துணியில் ஒரு துண்டு வெட்டி பில்லோடு பின் அடித்துக் கேளுங்கள். ஒரு துணியைக் காட்டி இன்னொன்றில் தைக்கிற வேலைக்கு அது ஒரு பூட்டு. மீதிப் பணத்தை, போட்டுப் பார்த்தபிறகு கடையிலேயே கொடுங்கள். "ஹோட்டலுக்கே அனுப்பி வைக்கிறோம்" என்ற உபசாரம் வேண்டாம்.

பிளவுஸ் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆளே வராமல் துணி மட்டும் போய் பிளவுஸ் தைத்து வருவது, அதுவும் முகூர்த்தப் புடவைக்கு, சரிப்படாது. கோட்டுக்குள் கால் அங்குலம் ஒளிந்துகொள்ளும், பிளவுஸில் ஒளிய இடமே இல்லை. அன்றைக்கு உள்ளே போடப்போகிறதையே போட்டுக்கொண்டு அளவு கொடுக்க வேண்டும், கை தூக்கிப் பார்க்க வேண்டும், கழுத்து இறக்கம் எவ்வளவு என்று நேரில் நின்று முடிவு செய்ய வேண்டும். பேங்காக்கிலும் இந்தியத் துணிக்கடைகள் நிறைந்த பாஹுராட் என்று ஒரு பேட்டை உண்டு, பிளவுஸ் தைக்கத் தெரிந்தவர்களும் அந்தப் பக்கம் இருப்பார்கள். சிக்கல் ஊரில் இல்லை, ஆள் அங்கே இல்லாததில்தான் இருக்கிறது. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார், லெபோ குவீன் பக்கம் இரண்டு பேரிடம் ஒரு சாதாரண பிளவுஸ் தைத்துப் பார்க்கட்டும். பிடித்தவரிடம் பட்டுத் துணியைக் கொடுக்கட்டும். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லச் சொல்லுங்கள். லைனிங் உள்ளே சுருங்கினால் மேலே பட்டு சுருக்கம் விழும், அயர்ன் பண்ணினாலும் போகாது. பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணி விட்டுத் தைக்கட்டும். மணப்பெண்கள் கடைசி இரண்டு வாரத்தில் இளைப்பார்கள், சிலர் பூசினாற்போல் ஆவார்கள், இரண்டையும் பார்க்கிறோம்.

அம்மா கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் வெளிநாட்டுக்காரர்களே பினாங்கில் அளவு கொடுத்தார்கள். பட்டர்வொர்த் விமானத் தளத்தை ஆஸ்திரேலியர்கள் 1958 முதல் 1988 வரை வைத்திருந்தார்கள். அவர்களுடைய குடும்பங்கள் தீவில் தைத்த துணிமணிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோன காலம் அது. இப்போது கோட்டு வெட்டத் தெரிந்த மாஸ்டர்கள் இங்கே குறைந்துவிட்டார்கள், இருக்கிறவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஆனால் இருக்கிறார்கள். இங்கே தைத்தால் மூன்று வாரம், நாலு வாரம் ஆகும், கூலி கூடும். அதற்குப் பதிலாக, கல்யாணத்துக்கு முந்தின வாரம் இடுப்பு தொளதொளவென்று இருந்தாலும் பாலம் தாண்டி வந்து நிற்கலாம். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முன்னால் டெய்லர்கள் வாரக்கணக்கில் புது ஆர்டர் எடுக்கமாட்டார்கள், உங்கள் தேதி அதையொட்டி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேங்காக்கிலேயே தைத்துக்கொண்டு வந்தீர்கள், இங்கே போட்டால் சரியில்லை என்றால்? பேண்ட் இடுப்பு, உயரம், கோட்டின் இடுப்பு, இவற்றை இங்கே எந்த நல்ல டெய்லரும் திருத்துவார். கோட்டுக் கை நீளத்தையும் திருத்தலாம், ஆனால் கை நுனியில் நிஜக் காஜா வெட்டியிருந்தால் மிகவும் கஷ்டம். அழகுக்காக அதைச் செய்கிறேன் என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். தோள், அக்குள் சுற்று, கோட்டின் மொத்த நீளம், இந்த மூன்றும் தவறினால் தவறியதுதான். அதனால் ட்ரையலில் கண் அங்கேயே இருக்கட்டும். உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், பேண்ட் பின்தையலில் ஒன்றரை அங்குலம், கோட்டின் பக்கத் தையலில் முக்கால். விடவில்லை என்றால் பிடிக்கலாமே தவிர, தளர்த்த முடியாது.

வந்ததும் மடித்துப் பெட்டியிலேயே வைக்காமல், தோள் அகலமான ஹேங்கரில் ஒரு நாள் தொங்கவிடுங்கள். சுருக்கம் போகக் குளியலறையில் சுடுதண்ணீர் ஆவி போதும். கோட்டின் மேல் நேராக அயர்ன் வைத்தால் துணி பளபளத்துப்போகும். ஒரு மணி நேரம் வீட்டில் போட்டு நடமாடுங்கள், எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று எழுதி வையுங்கள். டெய்லரிடம் போகும்போது அந்தச் சீட்டோடு, கடையில் கேட்டு வாங்கிய மீதித் துணியையும் இரண்டு உபரிப் பட்டன்களையும் எடுத்துப் போங்கள். கேட்காவிட்டால் மீதித் துணியைத் தரமாட்டார்கள், ஆர்டர் கொடுக்கும்போதே பில்லில் அதையும் எழுதச் சொல்லிவிடுங்கள்.